கிழவியின் காது மெஷின்

மன்னிப்புக் கேட்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் கிழவி காது மெஷினைக் கழற்றி ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டுவிடுவாள். வந்தவர் வாயைத் திறப்பதையும் மூடுவதையும், மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல ஆற அமர இருந்து பார்ப்பாள். அவர் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "ஓம், மழை வரும்போலதான் கிடக்கு," என்பாள்.

நான் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன யூதக் கோயிலில் வேலை செய்கிறேன். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, சமையலறையில் கை உதவி, கூட்டித் துடைப்பது எல்லாம் நான்தான். ஒரு காலத்தில் அந்தத் தெருக்கள் முழுக்க யூதக் குடும்பங்கள். பிள்ளைகள் படித்து, வசதி வந்து, லண்டனுக்கு வெளியே பெரிய வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளை யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாங்கள் வாங்கினோம். மிஞ்சியிருப்பது வயதுபோன கொஞ்சப்பேர். அந்தக் கொஞ்சப்பேருக்குள்ளும் ஹீற்றரைப் போடு என்று ஒரு கட்சி, நிற்பாட்டு என்று ஒரு கட்சி. யார் எந்தக் கதிரையில் இருப்பது என்று தலைமுறை தலைமுறையாக வழக்கு. ஊரில் எங்கள் கோயில் பரிபாலன சபைக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதொன்றும் புதினமாக இருக்கவில்லை.

கிழவிதான் அங்கே சமையலறைக்குப் பொறுப்பு. அவள் பேசியது கிழக்கு லண்டன் இங்கிலீஷ். ஆனால் இப்போது நினைத்தால் என் காதுக்குள் அவள் யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் பேசுகிறாள், அப்படியே எழுதுகிறேன். அவளை 'அவள்' என்றும், பின்னால் வரப்போகிற தலைவரை 'அவர்' என்றும் எழுதுவதை வைத்து என் மரியாதை யார் பக்கம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

முதன்முதல் என் வீட்டுக்கு வந்த அன்று அவள் உள்ளே வராமல் வாசல்நிலையைத் தடவிக்கொண்டு நின்றாள். யூதர் வீட்டு நிலையில் வேதவசனம் வைத்த சின்னக் கூடு ஒன்றைச் சரிவாக அடித்திருப்பார்கள். எங்கள் நிலையில் கூடு இல்லை, ஆணித் துவாரமும் தழும்பும் மட்டும் இருந்தன. "இது அவளின்ர வீடெல்லோ," என்றாள். அவள் என்பது கிழவியின் கலியாணத்துக்கு வந்து சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்ன ஒருத்தி. "ஒருநாளும் என்னை உள்ளுக்குக் கூப்பிடேல்லை. செத்தும் போனாள்." பிறகு உள்ளே வந்து, முன்னறையில் நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்துச் சாய்ந்து இருந்து, நான் போட்ட தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாகக் குடித்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "கறிவாசம் சுவரெல்லாம் நல்லா ஏறியிருக்கு. அவளுக்கு வெங்காய வாசமே பிடியாது," என்றாள். அவ்வளவு சந்தோஷப்பட்ட விருந்தாளி அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வந்ததில்லை.

மாசி பங்குனியில் பூரிம் என்று அவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். யூதர்களை அடியோடு அழிக்கப் பார்த்த ஹாமான் என்ற மந்திரியின் கதையைக் கோயிலில் சத்தமாக வாசிப்பார்கள். அவன் பெயர் வரும் ஒவ்வொரு தரமும், அது காதில் விழாதபடி எல்லோரும் நிலத்தில் உதைத்துக் கூச்சல் போட வேண்டும். சிலர் அந்தப் பெயரைச் சப்பாத்தின் அடியில் சோக்கால் எழுதிவைத்துத் தேய்ப்பார்கள். கிழவியின் சப்பாத்தில் ஹாமானுக்குக் கொஞ்ச இடம்தான். மீதி இடமெல்லாம் அந்த வருஷத்து ஆட்கள். பழைய ஈரலைத் தலையில் கட்டிய இறைச்சிக்கடைக்காரன், டொக்ரரைப் பார்க்கவிடாத றிசெப்ஷன்காரி, பஸ்ஸை நிற்பாட்டாமல் ஓட்டிப்போன ட்ரைவர். பெயர் தெரியாதவர்களுக்குப் படம் கீறுவாள்.

"உனக்கும் ஆரும் இருக்கினமோ பிள்ளை?" என்று சோக்கை என்னிடம் நீட்டினாள்.

இருந்தாள். விம்பிள்டனில் இருக்கிற மச்சாள், என் கணவரின் தமக்கை. அவர் மோசம்போனபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவளின்ர வாய்தான் என்ர தம்பியைக் கொண்டுபோனது," என்று வந்த சனத்துக்கெல்லாம் கேட்கச் சொன்னவள். நான் மச்சாளின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதினேன். கிழவி சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒருத்தருக்கும் விளங்காது, நல்ல பாஷை," என்றாள். அன்று உதைத்த உதையில் எனக்கு இரண்டு நாள் முழங்கால் நொந்தது. மனம் நோகவில்லை. வீட்டில் மகளிடம் சொன்னபோது, "அம்மா, தட்ஸ் நொட் ஹெல்தி," என்றாள். அவளுக்கென்ன, அவள் காதில் அந்தச் சொல் விழவில்லை.

புரட்டாதியில் அவர்களுக்குப் புதுவருஷம். வருஷம் இனிப்பாக இருக்கட்டும் என்று தேன் கேக் கொடுப்பார்கள். கிழவி இரண்டு விதமாக அடிப்பாள். பிடித்தவர்களுக்கு ஒன்று, பிடிக்காதவர்களுக்கு ஒன்று. வெளியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே கடதாசி, அதே சிவப்பு றிபன், அதே வாழ்த்து. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கத்தியை வைத்தால்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை அந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் விசாரிப்பது சுகம் அல்ல. "உங்கட கேக் வெட்டுப்பட்டதோ?" என்பார்கள். வெட்டுப்படாதவர்கள் போன வருஷம் கிழவிக்கு என்ன செய்தோம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். ஒரு மனுஷன் பொறுக்கமாட்டாமல் தன் கேக்கைக் கோயிலுக்கே கொண்டுவந்து, மேசையில் டொக் டொக் என்று தட்டி, எல்லோருக்கும் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டு, "நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டார்.

"என்ர புருஷன்ர செத்தவீட்டில கொட்டாவி விட்டனீங்கள்," என்றாள் கிழவி.

புருஷன் செத்துக் கனகாலம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொட்டாவி விட்டவரும் சிரித்தார். அந்தக் காலத்தில் கிழவியின் பழியென்றால் அப்படித்தான், வாங்குகிறவனுக்கும் அதில் ஒரு பங்கு சந்தோஷம் இருந்தது.

சனிக்கிழமை அவர்கள் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுதுபட முதல் இறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பெரிய சட்டியொன்றில் போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிடுவார்கள். மறுநாள் மத்தியானம்வரை அது தன்பாட்டில் வேகும். கிழவி அந்தச் சட்டியை மூடும்போதெல்லாம் சொல்லுவாள், "பழியும் இப்பிடித்தான் பிள்ளை. வைச்சாப்பிறகு மூடியைத் திறக்கக்கூடாது. கிண்டக்கூடாது. பசிக்குதெண்டு அவசரப்படக்கூடாது."

ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "யுத்தத்தில உங்கட சனத்துக்கு நடந்ததாலயோ இப்பிடி இருக்கிறியள்?" போலந்தில் இருந்த அவள் தாயின் வீட்டாரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். கிழவி கரட் சீவுவதை நிறுத்தினாள். "அதுக்கு நான் ஆரிட்டைப் போய்ப் பழி வாங்க? வாங்க ஏலாததை விட்டிட்டன். வாங்க ஏலுமானதை ஏன் விடுவான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி சீவினாள். வாங்க ஏலாத பழி எங்களிடமும் இருக்கிறது. அது ஊரில் ஒரு பதுங்குகுழிக்குள் மூடிக் கிடக்கிறது, அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

இனித் தலைவருக்கு வருகிறேன்.

அவர்கள் இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடமாட்டார்கள். சட்டி, கரண்டி, கழுவுகிற ஸ்பொஞ், ஓவன் வரைக்கும் வேறு வேறு. எங்கள் சமையலறையில் இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். வைகாசிப் பக்கம் ஷவுவோட் என்று ஒரு பண்டிகை வரும். அன்று பால் சாப்பாடுதான் விசேஷம், சீஸ் கேக் இல்லாமல் முடியாது. அந்த வருஷம் பண்டிகைக்கு முதல்நாள் பின்னேரம் கிழவியும் நானும் நீல ஓவனில் கேக்குகளை வேகவைத்து எடுத்தோம். மறுநாள் தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிழவியின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். பிறகு இளம் ரபி, அதுதான் அவர்களுடைய குரு, மீன் தட்டொன்றைச் சூட்டில் வைக்க நீல ஓவனைத் திறந்தவர் அப்படியே குனிந்தபடி நின்றார். அடியில், பின்மூலையில், கருகிய கோழிக் கொழுப்பும் ஒரு சின்ன எலும்பும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். கந்தசஷ்டி விரதகாரருக்கு மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்சச் சட்டியில் சோறாக்கிப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுத் தலைவர் உடனே என்னைப் பார்த்தார். உயரமான, நல்ல கோட் போடுகிற, குரல் உயர்த்தாத மனுஷன். "இந்தப் பொம்பிளைக்குச் சிவப்பும் நீலமும் விளங்குதோ?" என்று எனக்கு முன்னாலேயே ரபியைக் கேட்டார். மகள் யூனிவேர்சிட்டியில், கணவர் இல்லை, இந்த வேலையில்தான் வீடு நிற்கிறது. கிழவி எனக்கு முன்னால் வந்து நின்றாள். "இது என்ர சமையலறை. இதுக்குள்ள பிழை நடந்தா அது என்ர பிழை," என்றாள். எனக்காகச் சொன்னாளோ, தன் பெருமைக்குச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைவர் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் கிழவியிடமிருந்து சமையலறைத் திறப்பை, அதுதான் சாவியை, வாங்கித் தன் மனைவியிடம் கொடுத்தார். "கண் தெரியேல்லை, பாவம், வயது போட்டுது," என்று மிகவும் பரிவாகச் சொன்னார்.

பண்டிகை முடிந்த அன்று நானும் கிழவியும் அந்த ஓவனைக் கழுவினோம். அவள் முழங்காலில் இருந்து, கத்தியால் அந்தக் கருகலைச் சுரண்டி, விரலில் தேய்த்து மணந்து பார்த்தாள். பிறகு என் மூக்கடியில் நீட்டினாள்.

"என்ன வாசம்?"

"இனிப்பா ஏதோ."

"அப்ரிக்கொட் ஜாம்."

கோழிக்கு அப்ரிக்கொட் ஜாம் பூசுகிற வீடு அந்தச் சபையில் ஒன்றே ஒன்றுதான். தலைவரின் மனைவி செய்கிற அந்தக் கோழியைப் பற்றிப் பகிடி விடாத ஆள் இல்லை. பண்டிகைக்கு முதல்நாள் மத்தியானம் கதிரைகளைச் சரிபார்க்கவென்று தலைவர் தனியாக வந்துபோனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிவப்பு ஓவன் மூலையில் இருக்கிறது, நீலம் கதவடியில். நாலு அடி நடக்கப் பஞ்சிப்பட்டு, கொண்டுவந்த சாப்பாட்டைக் கிட்ட இருந்ததில் சூடாக்கியிருக்கிறார். எலும்பைக் கண்டபோது அவருடைய கை ஒருதரம் தன் டையைத் தொட்டதும் ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"வாங்கோ, இப்பவே போய்ச் சொல்லுவம்," என்றேன்.

"நான் சொன்னா அது ஒரு கிழவியின்ர புலம்பல். அவர்தான் சொல்லவேணும். அவற்ற வாயால, எல்லாருக்கும் முன்னால." கத்தியை நன்றாகத் துடைத்து வைத்தாள். "மூடியைத் திறக்காதை பிள்ளை."

அந்தப் புரட்டாதியில் அவள் தன் வீட்டில் தேன் கேக் அடித்தாள். தலைவருக்கு அவள் அனுப்பியதுபோல ஒரு கேக்கை அவள் யாருக்கும் செய்ததில்லை, கத்தியை வைக்க முதலே பிளக்கிற அளவுக்கு மெதுமை. மேலே பளபளவென்று அப்ரிக்கொட் ஜாம் பூசியிருந்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி வாங்கி, "ஆ, எவ்வளவு வடிவு," என்றார். பின்னால் நின்ற தலைவர் ஜாமைப் பார்த்துவிட்டுத் தன் டையைத் தொட்டார்.

அதே கிழமை கோயிலில் குப்பை கட்டும்போது தொட்டிக்குள் நாலைந்து தேன் கேக்குகள் கிடந்தன. றிபன்கூட அவிழ்க்கவில்லை. முகத்துக்கு முன்னால் நன்றி சொல்லி வாங்கி, வாசலைத் தாண்ட முதல் எறிந்திருக்கிறார்கள். அவள் கையால் இனிச் சாப்பிடமாட்டார்கள். கிழவி காணக்கூடாதென்று மேலே பேப்பரைப் போட்டு மூடினேன். அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். "மெத்தெண்டு செய்ததுகளையும் எறிஞ்சுபோட்டினம்," என்றாள். அவள் முகம் அன்றைக்குப்போல் நொந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் இருந்து தலைவரை வெறுக்கிறேன். இன்றைக்கும் அந்த வெறுப்பில் ஒரு சொட்டுக் குறையவில்லை, குறைக்கிற எண்ணமும் இல்லை.

புதுவருஷத்துக்கும் யோம் கிப்பூர் என்கிற பெருவிரதத்துக்கும் இடையில் பத்து நாட்கள் வரும். அந்த நாட்களில் யாருக்குப் பிழை செய்தோமோ அவர்களிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷர் மன்னிக்காமல் கடவுள் மன்னிக்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அதில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். மூன்று தரம் கேட்டும் மற்றவர் மன்னிக்காவிட்டால் கேட்டவர் தப்பிவிடுவார், பாவம் மன்னிக்காதவரின் தலையில்.

அப்ரிக்கொட் கேக் போய் இரண்டு நாளில் தலைவர் வந்தார்.

"இந்த வருஷம் உங்கட மனம் நோக நான் ஏதும் செய்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள் கிழவி.

"இல்லை, பொதுவாச் சொல்லுறன்."

"பொதுவா எனக்கொரு நோவும் இல்லை. மன்னிக்க ஏலாது."

அடுத்த வருஷம், முறைப்படி மூன்று சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் 'ஏதும் செய்திருந்தா' தான். மன்னிக்கவில்லை. மூன்றாம் வருஷம் அவர் வாசலில் தலை காட்டியபோதுதான் கிழவி முதன்முதலாகக் காது மெஷினைக் கழற்றினாள். மூன்றாம் தரம் கேட்டுவிட்டால், என்ன செய்தோம் என்று சொல்லாமலே மனுஷன் தப்பிவிடுவார். அதனால் அவள் கேட்கவே போவதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பத்து நாளும் எனக்குத் திருவிழா. திறப்பைப் பறித்த நாளில் இருந்து கிழவி சமையலறைக்குள் கால் வைப்பதில்லை. ஆனால் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்து, சரியாக வாசற்படியில் கதிரையைப் போட்டு இருப்பாள். தலைவரின் மனைவி ஒவ்வொரு தட்டையும் அவளைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். தலைவர் வந்தால் மெஷின் பொக்கற்றுக்குள் போகும். ஒரு வருஷம் அவர் கடதாசியில் எழுதி நீட்டினார், கண்ணாடி வீட்டில் என்றாள். டெலிபோன் எடுத்தார், என்னிடம் தந்துவிட்டாள். நான் அவருக்குச் செய்தி வாசிப்பதுபோலக் காலநிலை சொன்னேன். பூக்கள் அனுப்பினார், அடுக்கடுக்காகத் தும்மினாள். மனுஷனுக்கு நெஞ்சில் ஒரு ஒப்பரேஷன் நடந்திருந்தது. செத்தால் கணக்குத் தீராமல் போகும் என்ற பயம் வந்துவிட்டது. விரதம் கிட்டக் கிட்ட அவர் முகம் சாம்பலாகிக்கொண்டு வரும். எனக்கு இரக்கம் வரவில்லை. றிபன் அவிழ்க்காத கேக்குகள்தான் ஞாபகம் வரும்.

ஒரு பூரிமுக்கு நான் படியில் இருந்து சப்பாத்தடியில் எழுதிக்கொண்டிருந்தேன். தலைவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "உங்கட எழுத்து நல்ல வடிவு," என்றார். எழுதியிருந்தது அவருடைய பெயர். நன்றி சொன்னேன். கிழவிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

இளம் ரபிக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் வாசற்படியில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து சொன்னார், "கேட்டு வாறவரை மறுக்கிறது கொடுமை, அம்மா."

"நான் மறுக்கேல்லையே ரபி. எனக்குக் கேக்கேல்லை."

ரபிக்கே சிரிப்பு வந்தது. கிழவி தன் வீட்டுச் சூப்புக்கென்று மடியில் வைத்திருந்த கரட்டைச் சீவிக்கொண்டே, "ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. மன்னிப்புக் கேக்க முதல் மற்ற ஆள் செத்துப்போனா என்ன முறை?" என்றாள்.

"பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சவக்குழிக்குப் போகவேணும். அந்தப் பத்துப் பேருக்கும் முன்னால சொல்லவேணும்."

"பொதுவாச் சொன்னாக் காணுமோ?"

"காணாது. இந்த ஆளுக்கு நான் இன்னது செய்தன் எண்டு சொல்லவேணும்."

"அப்பிடியோ," என்றாள் கிழவி. அந்தக் கரட்டை அவள் முனைவரைக்கும் ஒரே தோலாகச் சீவி முடித்தாள். அன்று முழுக்க வாய்க்குள் ஏதோ பாட்டு.

கோடை முடிகிறபோது அவளை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நெஞ்சில் நீர். ஒருநாள் நான் சூப் கொண்டுபோயிருந்தேன், கட்டிலுக்குப் பக்கத்தில் தலைவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நேர்ஸ் காது மெஷினை மாட்டிவிட்டிருந்தாள், அவரும் அதைக் கண்டிருக்கிறார். வாயைத் திறக்கவும் கிழவி மெல்லக் கையைத் தூக்கினாள். ஊசி குத்திய கை. அதால் தட்டுத்தடுமாறி மெஷினைக் கழற்றி, உள்ளங்கையில் இறுக்கிப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். தலைவர் கனநேரம் நின்று பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பிறகு போய்விட்டார்.

கிழவி ஒரு கண்ணைத் திறந்தாள். "போட்டாரோ?"

"ஓம்," என்று தலையாட்டினேன். "பாவமா இல்லையோ உங்களுக்கு?" என்றும் கேட்டேன். அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் வாயசைவைப் பார்த்துவிட்டாள்.

"சட்டி முடியிற நேரம் பிள்ளை," என்றாள். "நான் இல்லாட்டி நீ போய்ப் பார்."

அடுத்த நாளுக்கு மறுநாள் போய்விட்டாள். அவர்களுடைய பழக்கப்படி உடனேயே அடக்கம். பேசினவர்கள் எல்லோரும் அவள் கேக்குகளைப் பற்றிப் பேசினார்கள், எறிந்தவர்களும் சேர்த்து.

கொஞ்ச நாளில் புதுவருஷம் வந்தது. தலைவர் ரபியிடம் போனார். ரபி முறையைச் சொன்னார். பத்து ஆண்கள் வேண்டும். இருக்கிற சனமே கொஞ்சம். அதில் இரண்டு பேர் பூசகர் வம்சம், அவர்கள் சவக்காலைக்குள் போகக்கூடாது. ஒருவருக்கு நடக்க ஏலாது. தலைவர் அலுவலக அறைக்குள் இருந்து ஒவ்வொருவராக டெலிபோன் எடுத்தார், நான் வெளியில் அந்த ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் அவர், "அங்க வந்து சொல்லுறன்," என்றார். கடைசியில் ஆள் காணாமல் பக்கத்துச் சபையில் இரண்டு பேரை மன்றாடிப் பிடித்தார். அதனால் இரண்டு சபைக்கும் விஷயம் பரவியது. குறிப்பிட்ட நாளில் பத்துப் பேர் அல்ல, பெண்களும் சேர்ந்து சபையில் பாதி வந்து நின்றது. தலைவரின் மனைவியும் வந்திருந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

நானும் பஸ் பிடித்துப் போனேன். பத்துப் பேர் கணக்கில் நான் சேர்த்தி இல்லை, பெண், அதுவும் யூதர் அல்ல. யாரும் கூப்பிடவும் இல்லை. அவள் போய்ப் பார் என்று சொல்லியிருந்தாள், அது காணும்.

கல் இன்னும் வைக்கவில்லை. மண்மேடும் ஒரு சின்னப் பலகையும்தான். தலைவர் மேட்டுக்கு முன்னால் நின்று, குனிந்து, தன் கோட்டுக் கழுத்துக்குள் ஏதோ முணுமுணுத்தார். ஆண்டவருக்கும் இவவுக்கும் விரோதமாய்ப் பாவம் செய்தேன் என்பதுவரை கேட்டது. மிச்சம் மண்ணுக்குள் போய்விட்டது. முடித்துவிட்டு நிமிர்ந்து ரபியைப் பார்த்தார். அவ்வளவு வருஷம் அடுப்பில் கிடந்தது இப்படி முணுமுணுப்பாக முடியப்போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும்.

"அவவுக்குக் காது கேளாது," என்றேன். "சத்தமாச் சொல்லுங்கோ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைவர் ரபியைப் பார்த்தார். ரபி தன் தாடியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கோ," என்றார்.

தலைவர் மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஷவுவோட்டுக்கு முதல்நாள் பால் ஓவனில கோழியைச் சூடாக்கினது நான். எலும்பைக் கண்டவுடன எனக்குத் தெரியும். முதல்ல அந்த வேலைக்காரப் பொம்பிளையில பழியைப் போடப் பாத்தன். பிறகு இவவில போட்டன். திறப்பைப் பறிச்சன். இவவின்ர கையால நீங்கள் சாப்பிடாமல் விட்டது என்னால."

"அந்த அப்ரிக்கொட் கோழியோ?" என்று பின்னால் ஒரு கிழவர் வாய்விட்டுக் கேட்டார். தலைவரின் மனைவி கையால் வாயைப் பொத்தினார். கேக்கை எறிந்தவர்கள் யார் யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று தெரிந்தது, அவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவரின் முகம் வேர்த்து வடிந்தது.

"எல்லாருக்கும் கேட்டதுதானே?" என்று ரபி கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கும் கேட்டது, ஒரு சொல் விடாமல். இருந்தாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு மண்மேட்டுக்குக் கிட்டப் போனேன்.

"இன்னொருக்கா," என்றேன்.